பானைத் தண்ணீரும் பிலிம் கழுவும் கணக்கும்

(மல்லசமுத்திரத்தில் ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடை ஓரத்தில் ஒரு மண்பானையும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் இருக்கின்றன. பானையில் இருப்பது நேற்று இரவே ஊற்றி வைத்த தண்ணீர். வாளியில் இருப்பது அரை மணி நேரத்துக்கு முன் மொட்டைமாடித் தொட்டிக் குழாயில் பிடித்தது. இரண்டிலும் தலா ஒரு தெர்மாமீட்டர் போட்டிருக்கிறேன். யாரும் இப்போது எட்டிப் பார்க்க வேண்டாம். பேச்சு முடியும்போது பார்ப்போம். நான் பேசப்போவதே அந்த இரண்டு எண்களைப் பற்றித்தான்.

நம் ஊர்ப்பக்கம் பிலிமை டெவலப் செய்வதற்கு ‘கழுவுதல்’ என்றுதான் சொல்வோம். ‘கல்யாண பிலிம் கழுவக் குடுத்திருக்கு, வெள்ளிக்கிழமை வந்துரும்’ என்போம். பாத்திரம் கழுவுகிற அதே சொல். அதில் ஓர் உண்மை இருக்கிறது. இந்த வேலையில் மருந்தைவிடத் தண்ணீர்தான் அதிகம். ஆனால் பாத்திரம் கழுவும்போது தண்ணீரின் சூட்டை யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதற்கு முதல் சுருளிலேயே தண்டனை கிடைத்தது.

ஒரு வைகாசி மாதம். சேகோ ஆலைக் களத்தில் ஜவ்வரிசி காயப் போட்டிருந்தார்கள். களம் முழுக்க வெள்ளை. நடுவே பலகை பிடித்துக் கிளறிவிடும் பெண்கள். உச்சி வெயில். 36 படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பெட்டியில் வந்த தாளைப் பார்த்தேன். இல்ஃபோர்டு ஹெச்.பி.5 பிளஸ் பிலிம், ஐ.டி.11 டெவலப்பர், தண்ணீர் கலக்காத கரைசல், ஏழரை நிமிடம் என்று போட்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து நொடி பிசகாமல் ஏழரை நிமிடம் கழுவினேன். வெளியே எடுத்தால் நெகட்டிவ் தோசைக்கல் மாதிரி கறுப்பாக இருந்தது. ஜவ்வரிசி இருந்த இடத்தில் விளக்கின் ஒளிகூட ஊடுருவவில்லை. பிரிண்ட் போட்டால் களமும் வானமும் ஒரே வெள்ளைத் தாளாக வரும், நடுவில் சில கறுத்த உருவங்கள் நிற்கும்.

அந்தத் தாளில் ஏழரை நிமிடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது: 20 டிகிரி செல்சியஸ். அது ஏதோ சம்பிரதாயத்துக்குப் போட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். என் வீட்டுக் குழாயில் வந்த தண்ணீர் 33 டிகிரி. இல்ஃபோர்டு இங்கிலாந்தில் பிறந்த கம்பெனி. குழாயைத் திறந்தால் கை விறைக்கிற ஊரில் எழுதிய கணக்கை, கை சுடுகிற ஊரில் அப்படியே போட்டுவிட்டேன்.

பிலிமில் நடப்பது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் கிடக்கின்றன. வெளிச்சம் பட்ட படிகத்தை டெவலப்பர் உலோக வெள்ளியாக மாற்றும், அதுதான் கறுப்பாகத் தெரிகிறது. நிழல் பகுதிகளில் மாற வேண்டிய படிகங்கள் கொஞ்சம்தான். அவை சீக்கிரம் மாறி முடிந்துவிடும். வெளிச்சப் பகுதியில் கணக்கில்லாமல் கிடக்கும். நேரம் கூடக் கூட அந்த இடம் கறுத்துக்கொண்டே போகும். ஆகவே நிழல் எவ்வளவு தெரியும் என்பது படம் எடுக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. வெளிச்சம் எவ்வளவு கறுக்கும் என்பதைத்தான் பிலிம் கழுவும் டேங்கில் முடிவு செய்கிறோம். சூடு கூடினால் வேலை வேகமாக நடக்கும். ஒரு டிகிரி ஏறினால் நேரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டு ஒன்பது குறைக்க வேண்டும். 20 டிகிரிக்கு ஏழரை நிமிடம் என்றால் 26 டிகிரிக்கு நாலேகால் நிமிடத்துக்குச் சற்று மேலேதான் வரும்.

‘சரி, நாலேகால் நிமிடம் கழுவிவிட்டால் போச்சு’ என்று தோன்றும். இங்கேதான் இடிக்கிறது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் கணக்கு கையில் நிற்காது. டேங்கில் மருந்தை ஊற்றப் பத்துப் பதினைந்து நொடி, வடிக்க அதே அளவு. நாலு நிமிட வேலையில் அரை நிமிடம் ஊற்றுவதிலும் வடிப்பதிலும் போனால், பிலிமின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் வித்தியாசம் விழும். சீரான வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். நமக்குச் சூடும் இருக்கும், நேரமும் நீளமாக வேண்டும். அதற்கு ஒரே வழி மருந்தின் வீரியத்தைக் குறைப்பது, அதாவது தண்ணீர் கலப்பது.

என் வாதம் இதுதான். மேல்நாட்டுப் புத்தகங்களில் எவ்வளவு தண்ணீர் கலப்பது என்பதை ரசனைக் கேள்வியாக வைப்பார்கள்: மணிமணியாகத் தெரிய வேண்டுமா, வழவழப்பாக வேண்டுமா, கூர்மை வேண்டுமா என்று. நம் சமவெளியில் அது முதலில் தட்பவெப்பக் கேள்வி. ரசனை அதற்குப் பிறகு வரட்டும்.

அதே ஐ.டி.11, அதே பிலிம், அதே 20 டிகிரிக்கு இல்ஃபோர்டு கொடுக்கும் எண்களைப் பாருங்கள். கலக்காத கரைசலுக்கு 7½ நிமிடம். ஒரு பங்கு கரைசல், ஒரு பங்கு தண்ணீர் என்றால் 13 நிமிடம். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் என்றால் 20 நிமிடம். இருபது நிமிடம் டேங்கை ஆட்டிக்கொண்டு உட்கார அங்கே யாருக்கும் பிடிக்காது. ஆனால் 26 டிகிரியில் அந்த 13 நிமிடம் என்ன ஆகிறது? சுமார் ஏழரை நிமிடம்! இங்கிலாந்தில் சுத்தக் கரைசலுக்கு இருக்கிற நேரம், நம் ஊரில் சரிபாதி தண்ணீர் கலந்த கரைசலுக்கு வந்து நிற்கிறது. மருந்தும் பாதி மிச்சம். வெயில் நமக்குச் செய்கிற ஒரே உபகாரம் இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ‘1+3’ என்று எழுதியிருந்தால் ஒன்றோடு மூன்று சேர்ந்து மொத்தம் நாலு பங்கு. சிலர் மொத்தமே மூன்று பங்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். காணி, மா, வீசம் என்று கணக்குப் போட்ட ஊரில் இந்தத் தவறு வரக்கூடாது.

கொஞ்சம் பின்னால் போவோம். இந்தச் சூட்டோடு மல்லுக்கட்டிய முதல் ஆள் நான் இல்லை. லின்னேயஸ் ட்ரைப் என்ற கேப்டன் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 கடைசியிலும் 1858 தொடக்கத்திலும் தென்பகுதியைச் சுற்றினார். மதுரை, தஞ்சைப் படங்களுக்காக அவரைப் பலருக்குத் தெரியும். அந்த வரிசையில் ஒரு தொகுப்பு ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும். ராயக்கோட்டை அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. கண்ணாடித் தகடு இங்கிலாந்தில் பரவிக்கொண்டிருந்த காலத்தில் அவர் மெழுகு பூசிய காகித நெகட்டிவைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஈரம் காய்வதற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம், எடுத்தபின் சாவகாசமாக டெவலப் செய்யலாம். டெவலப்பர் காலிக் அமிலம். ஒரு படம் வெளிவர மணிக்கணக்காகும். வெயில் ஊரில் வேலை செய்தவர் மெதுவான மருந்தைத் தேர்ந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

காலிக் அமிலம் என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்காதீர்கள். அதை முதலில் எடுத்தது மாசிக்காயிலிருந்து. நம் பாட்டிமார் கைக்குழந்தைக்கு உரை மருந்தில் உரசி ஊட்டினார்களே, அதே மாசிக்காய்தான்.

இன்னும் கிட்டே வருவோம். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் ஒரு வளைவு மட்டும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. 1935இல் அதைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரத்தின் ‘டி’ நம் திருச்செங்கோடு. லீட்ஸில் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து சினிமா எடுத்த மனிதர். 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ அங்கிருந்து வந்தது. 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழுக்கு வண்ணத்தைக் கொண்டுவந்தது. படப்பிடிப்புத் தளத்திலிருந்து லேப் வரை எல்லாம் அந்த வளாகத்துக்குள்ளேயே. 1,000 அடிச் சுருள் என்றால் திரையில் பதினோரு நிமிடம். அதைக் கழுவுவதில் கை தவறினால் நாள் முழுக்க நடித்தவர்களின் உழைப்பு போச்சு. அதனால் சினிமா லேப்கள் டெவலப்பரின் சூட்டை ஒரே எண்ணில் கட்டி நிறுத்தும், சோதனைத் துண்டைக் கழுவி அளந்து பார்த்துவிட்டு நேரத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். குளிரூட்டும் இயந்திரம் அவர்களிடம் இருந்தது. நம்மிடம் பானை இருக்கிறது.

இன்று வீட்டில் பிலிம் கழுவுகிறவர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும் மருந்தே சினிமாவிலிருந்து வந்ததுதான். டி-76 என்பது 1920களின் பிற்பகுதியில் கோடக்கில் ஜான் கேப்ஸ்டாஃப் சினிமா பிலிமுக்காக உருவாக்கியது. ஐ.டி.11 அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. சூத்திரம் ரகசியம் இல்லை: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். போராக்ஸ் என்பது ஆசாரிமார் பொடி வைத்து ஊதும்போது தூவுகிற வெங்காரம். 50 டிகிரிச் சூட்டில் முக்கால் லிட்டர் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால், பிறகு மீதி சல்ஃபைட், ஹைட்ரோகுயினோன், போராக்ஸ் என்ற வரிசையில் கரைத்து, லிட்டருக்கு நிரப்ப வேண்டும். சல்ஃபைட் முழுவதையும் முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், கையுறை போடுங்கள். சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். இதில் நான் சமரசத்துக்கே வரமாட்டேன்.

அந்த 100 கிராம் சல்ஃபைட்டைக் கவனித்தீர்களா? மற்ற மூன்றும் சேர்ந்தே 9 கிராம்தான். அவ்வளவு சல்ஃபைட் வெள்ளித் துகளின் ஓரங்களை லேசாகக் கரைத்து மழுக்கிவிடுகிறது. படம் வழவழப்பாக வரும், கூர்மை கொஞ்சம் போகும். தண்ணீர் கலந்தால் சல்ஃபைட்டும் அதே விகிதத்தில் குறையும். துகள் பளிச்சென்று தெரியும், விளிம்புகள் கத்தி மாதிரி வரும். கல்யாண முகூர்த்தத்தில் முகத்துக்கு இது பிடிக்காமல் போகலாம். விசைத்தறிக் கூடத்துக்கும் கருங்கல் கோயிலுக்கும் போர்வெல் போடும் ரிக் லாரிக்கும் எனக்கு இதுதான் பிடிக்கும்.

இன்னொரு லாபம் நம் வெயிலுக்கென்றே செய்த மாதிரி. மருந்து நீர்த்திருந்தால், அதிகம் வெளிச்சம் பட்ட இடத்தில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். அடுத்த முறை டேங்கைக் கவிழ்க்கும் வரை அந்த இடம் காத்திருக்க வேண்டியதுதான். நிழல் இருக்கும் இடத்திலோ மருந்து மிச்சம் இருக்கும், வேலை நடந்துகொண்டே இருக்கும். ஜவ்வரிசிக் களம், நம் ஊர்க் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி ஏலத்துக்குக் குவிந்து கிடக்கும் மூட்டைகள், வெள்ளை வேட்டி கட்டிக் கறுத்த முகத்தோடு விலை கேட்கும் விவசாயி — இவை எல்லாம் ஒரே சட்டகத்தில் வந்தால் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைவெளி பெரிது. நிழலுக்கு மீட்டர் பார்த்துத் தாராளமாக வெளிச்சம் கொடுங்கள், 400 வேக பிலிமை 200 என்று வைத்துக்கொண்டாலும் சரி. பிறகு 1+3 கலந்து, நேரத்தில் நூற்றுக்குப் பதினைந்து குறைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும், பத்து நொடிக்குள் நான்கு தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள். பருத்தியின் இழை தெரியும், பெரியவர் நெற்றிச் சுருக்கமும் தெரியும். மழை மூட்டமான ஐப்பசியில் எடுத்த சுருளுக்கு இந்த வைத்தியம் ஆகாது. அதற்கு 1+1 போதும். 1+3 போட்டால் சாம்பல் பூசின மாதிரி வரும்.

இப்படித் தண்ணீர் கலக்கும்போது ஒரு குழியில் பலர் விழுகிறார்கள். ஒரு சுருள் பிடிக்கும் சின்ன டேங்குக்கு ஏறக்குறைய 300 மில்லி போதும். 1+3 என்றால் அதில் கரைசல் 75 மில்லிதான். 36 படத்துக்கு அந்த மருந்து போதாது. வெளிச்சப் பகுதி பாதியில் பசியோடு நின்றுவிடும். கரைசல் 100 மில்லிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக இரண்டு சுருள் டேங்கில் ஒரு சுருளை மட்டும் போட்டு 500 மில்லி ஊற்றலாம். விகிதத்தை மட்டும் பார்த்து அளவை மறப்பது, சாம்பாரில் உப்பு விகிதம் சரி என்று சொல்லிக்கொண்டே அரை டம்ளர் சாம்பாரைப் பத்துப் பேருக்கு ஊற்றுவது போல. கலந்த மருந்தை ஒரே முறைதான், வேலை முடிந்ததும் தூர ஊற்றிவிட வேண்டும். கலக்காத கரைசல் கழுத்து வரை நிரம்பிய பாட்டிலில் ஆறு மாதம் தாங்கும், பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதம். நம் சூட்டில் நான் அதையும் நம்புவதில்லை. சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்களில் பிரித்து வைக்கிறேன்.

கரைத்து வைக்கிற தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு ரோடினால் இருக்கிறது. 1891இல் ஜெர்மனியின் ஆக்ஃபா கொண்டுவந்த, ஆண்ட்ரேசன் என்ற வேதியியலாளரின் கண்டுபிடிப்பு. கெட்டியான திரவம், வருஷக்கணக்கில் கெடாது. ஹெச்.பி.5க்கு 20 டிகிரியில் 1+25 என்றால் 6 நிமிடம், 1+50 என்றால் 11 நிமிடம். நம் சூட்டுக்கு 1+25 கதைக்கு உதவாது, 1+50 தான். தம்பிமார் சிலர் 1+100 கலந்து ஒரு மணி நேரம் ஆட்டாமல் அசைக்காமல் அப்படியே வைத்துவிடுகிறார்கள். சிலருக்கு அருமையாக வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் 26 டிகிரி 31 ஆகிவிடும் ஊரில் அது லாட்டரி. இன்னொரு கூட்டம் இன்ஸ்டன்ட் காபித் தூள், வாஷிங் சோடா, வைட்டமின் சி மூன்றையும் சேர்த்து பிலிம் கழுவுகிறது. அமெரிக்காவில் ராச்செஸ்டரில் 1995இல் மாணவர்களோடு ஒரு பேராசிரியர் செய்து காட்டிய காபி வித்தையிலிருந்து வந்தது அது. வேலை செய்யும். வீடு நாறும். ஏற்காட்டுக் காபியை அப்படி வீணாக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஊட்டியைச் சொல்லாமல் போனால் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1960இல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ பிலிம் அங்கிருந்துதான் வந்தது. இன்றும் அங்கே ஒரு பகுதிக்கு இந்து நகர் என்று பெயர். பிலிமுக்குப் பூச்சு போடக் குளிரும் தூசியில்லாத காற்றும் வேண்டும் என்று மலை மேலே வைத்தார்கள். குழாயைத் திறந்தாலே 20 டிகிரிக்குக் கீழே தண்ணீர் வருகிற ஊர். அங்கே பிறந்த பிலிம் மலையிறங்கி வந்து நம் ஊர் ஸ்டுடியோக்களில் வெந்தது. அப்போது டெவலப்பர் தட்டுக்கு அடியில் ஐஸ் கட்டி வைத்துக் கழுவினோம் என்று இந்த முன் வரிசையிலேயே ஒரு பெரியவர் தலையாட்டுகிறார். அந்தக் கம்பெனி தொண்ணூறுகளில் நொடித்து, பின்னர் மூடியே போயிற்று. இப்போது நாம் வாங்குகிற சுருள் எல்லாம் கடல் கடந்து வருபவை. ஒரு சுருளைக் கெடுத்தால் வயிறு எரிகிறது. இந்தக் கணக்கை இவ்வளவு நீட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சூட்டில் ஜெலட்டின் உருகிவிடுமா என்று போன வாரம் ஒரு தங்கை கேட்டார். பழைய பிலிமுக்கு அந்தப் பயம் நியாயம். வெப்பநாட்டு டெவலப்பர் என்றே தனியாகச் சூத்திரங்கள் இருந்தன. ஜெலட்டின் ஊதிப்போகாமல் இருக்க அதில் சோடியம் சல்ஃபேட்டைச் சேர்ப்பார்கள். இன்றைய பிலிம் நன்றாக இறுக்கப்பட்டது. கலர் பிலிமை 38 டிகிரியில்தான் கழுவுகிறார்கள். உருகாது. ஆனால் 26 டிகிரி டெவலப்பரிலிருந்து எடுத்துத் திடீரென்று 33 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் போடாதீர்கள். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவும் அலசும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். 27 டிகிரிக்கு மேல் நான் டெவலப்பரைக் கலப்பதே இல்லை. மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் சூட்டுக்கு ஒரே மாதிரி வேகம் எடுப்பதில்லை. ஹைட்ரோகுயினோன் முந்திக்கொண்டு ஓடும். அதனால் மேலே போகப் போக ‘டிகிரிக்கு எட்டு ஒன்பது’ என்ற கணக்கு பொய்க்கும்.

அந்த 27க்குக் கீழே இறக்கத்தான் பானை. நம் கோடை வறண்ட கோடை. பானையின் மேல் கசிந்து ஆவியாகும் நீர் உள்ளே இருப்பதைக் குளிர்விக்கும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பானை இவ்வளவு குளிராது. இந்த விஷயத்தில் சென்னைக்காரரைவிட நாம் பாக்கியசாலிகள். டேங்கையும் பானைத் தண்ணீர் நிரப்பிய சட்டியில் நிறுத்தி வையுங்கள். கவிழ்க்கும்போது மட்டும் கையில் எடுங்கள். உள்ளங்கைச் சூடே ஒரு டிகிரி ஏற்றிவிடும். பானையும் போதவில்லை என்றால், பால் பாக்கெட் உறையில் தண்ணீர் கட்டி உறைய வைத்துச் சட்டியில் மிதக்கவிடலாம். டெவலப்பருக்குள் ஐஸைப் போட்டால் நீங்கள் போட்ட 1+3 வேறு ஏதோவாகிவிடும்.

நம் போர்வெல் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டியில் வெள்ளை பூக்கிற தண்ணீர் அது. அந்தச் சுண்ணாம்பு டெவலப்பரிலும் படியும், காய்ந்த பிலிமிலும் புள்ளி புள்ளியாக உட்காரும். மருந்து கலக்கவும் கடைசி அலசலுக்கும் கேன் தண்ணீர். நடுவே ஹைப்போ போக அலசுவதற்குக் காவிரிக் குழாய்த் தண்ணீர் இருந்தால் அது. அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து ஊற்றி, மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி இருபது முறை. மூன்று டேங்க் தண்ணீரில் பிலிம் சுத்தமாகிவிடும் என்று இல்ஃபோர்டே சொல்கிறது. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த தெருவில் இது பெரிய சேதி. பழைய ஹைப்போவைக் கிணற்றோரத்தில் ஊற்றாதீர்கள், அதில் வெள்ளி இருக்கிறது. சேர்த்து வைத்தால் வெள்ளி பிரித்தெடுக்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

பேச்சு போதும். அந்தப் பாப்பா, நீ எழுந்து வா. வாளியைப் பாரு. எவ்வளவு?

முப்பத்திரண்டு. சரி. பானையில்?

இருபத்தாறு.

என் கேமராவில் இருப்பது இன்று மத்தியானம் அதே சேகோ களத்தில் எடுத்த சுருள். 200 என்று வைத்து எடுத்தது. 1+3 தான். 125 மில்லி கரைசல், 375 மில்லி கேன் தண்ணீர். அந்தக் கேனைக் காலையிலிருந்து இதே பானைத் தண்ணீரில் நிறுத்தி வைத்திருக்கிறேன். 20 டிகிரிக்கு 20 நிமிடம், 26க்குப் பதினொன்றரை. களத்து வெயிலுக்காக அதில் பதினைந்து சதவீதம் கழித்தால் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கீழே. பத்து என்றே வைத்துக்கொள்வோம். பாப்பா, உன் கைக்கடிகாரத்தில் நொடி முள் இருக்கா?